பத்தரைக்கு ஆறு

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து கடை சாத்தும்வரை, "இது தெளிவா, முன்னால போட்டது தெளிவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவர் இரண்டு நொடி யோசித்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். கண்ணுக்கு முன்னால் தெரிவதைச் சொல்ல என்னய்யா யோசனை என்று மனதுக்குள் திட்டுவேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு பொம்மை விமானத்துக்குப் புரொப்பெல்லர் வாங்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன்.

பொம்மை என்று நான் சொல்லலாம், மற்றவர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஒன்றரை மீட்டர் இறக்கையும் நிஜமான இஞ்சினும் உள்ள ரிமோட் விமானம் அது. நான்கு வருஷமாக வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து கட்டினேன். பெரிய ஜன்னல் உள்ள அறை, பசை காய நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில், ஒற்றை பல்புக்குக் கீழே கிடந்தது. இந்த நான்கு வருஷத்தில் அவள் கண்ணாடியை மூன்று தடவை மாற்றினேன். சொந்தக் கடை ஆயிற்றே, உடனுக்குடன் மாற்றிக் கொடுத்துவிடுவேன். நல்ல புருஷன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

போன மாதம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை அது பறக்கணும். பறந்துச்சுன்னா ரூம் உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். பறக்கலையா, மெஷின் உள்ள வரும், பிளேன் பரண்ல ஏறும்."

"பறக்கும் பாரு" என்று மார்தட்டினேன். ஆனால் அந்த அறை போய்விட்டால் எனக்கென்று உலகத்தில் ஒரு மூலை கிடையாது.

விமானம் தயார், இஞ்சின் தயார். புரொப்பெல்லர்தான் பாக்கி. அதில் இரண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர், நீளம் எத்தனை அங்குலம் என்பது. இரண்டாவது, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. நீளம் கூடினால் இழுவை, முன்னேற்றம் கூடினால் வேகம், இரண்டும் கூடினால் இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவை வைத்துக்கொண்டு எங்கள் ரிமோட் விமானக் கிளப் பத்து வருஷமாக இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர் பதினொன்றுக்கு ஆறு கட்சி. செயலாளர் லிஃப்ட் கம்பெனி மேனேஜர். அவர் பத்துக்கு ஏழு. இருவரும் ஒரே மரத்தடியில் டீ குடிப்பதில்லை. தலைவர் மகள் கல்யாணத்துக்குச் செயலாளர் போகவில்லை, அழைப்பிதழே வரவில்லை என்று செயலாளரும் அழைத்தேன் என்று தலைவரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு பேருக்கும் தலையாட்டி வந்தேன். காரணம் இருக்கிறது. புது உறுப்பினரின் விமானம் தலைவர், செயலாளர் முன்னிலையில் ஒரு வட்டம் பறந்து இறங்க வேண்டும். அனுமதித் தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் விழாவிட்டால் அந்த மைதானத்தில் இடம் கிடையாது. ஒருவர் நம்பரைப் போட்டால் அடுத்தவர் பேனாவில் மை தீர்ந்துவிடும்.

சனிக்கிழமை, வேறு வழி தெரியாமல், இஞ்சின் வந்த பெட்டியைக் குடைந்தேன். அடியில் ஒரு கையேடு இருந்தது. நான்கு வருஷமாக அதை நான் பிரித்துப் பார்க்கவில்லை. கிளப்பில் யாருமே பார்த்ததாகத் தெரியவில்லை. இஞ்சின் செய்தவர்களே அதில் எழுதியிருந்தார்கள்: பத்தரைக்கு ஆறு. ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தேன்.

மாட்டும்போதுதான் பயம் பிடித்தது. நம்பர் பளிச்சென்று முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பார்த்தால், இரண்டு பேருக்குமே துரோகி ஆகிவிடுவேன். எனவே நம்பர் உள்ளே, இஞ்சினைப் பார்த்து இருக்கும்படி திருப்பி மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை மைதானத்தில் புரொப்பெல்லரை ஒரு தடவை சுண்டியதுமே இஞ்சின் பிடித்தது. விமானம் ஓடுபாதையில் ஓடியது, ஓடியது, கடைசிவரை ஓடிப் புல்லில் போய் நின்றது. இரண்டாவது தடவையும் அதே கதை. ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான்.

"பத்து போட்டுட்டீங்க, அதான் இழுக்கல" என்றார் தலைவர். "யார் பேச்சக் கேட்டீங்கன்னு தெரியும்."

"பதினொண்ணு சார் இது" என்றார் செயலாளர். "சத்தத்தக் கேட்டாலே தெரியுதே, மூச்சு வாங்குது."

சுற்று எண்ணும் மீட்டரை எடுத்து வந்தார்கள். காற்றின் திசை பார்க்க நூல் கட்டினார்கள். பழைய சண்டைகள் தேதியோடு வெளியே வந்தன. பத்தடியில் நிற்கும் புரொப்பெல்லரை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புரொப்பெல்லரை விரலால் தடவினாள்.

"ஏங்க, இந்த ஃபேனுக்கு நல்ல பக்கம் எது?"

"நல்ல பக்கமா?"

"துணிக்கு நல்ல பக்கம், உள்பக்கம்னு இருக்குல்ல. மத்த பிளேன்ல எல்லாம் எழுத்து வெளிய தெரியுது. இதுல உள்ள இருக்கு. சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரி." குரலைத் தாழ்த்தினாள். "தெரியாம மாட்டினீங்களா, தெரியக்கூடாதுன்னு மாட்டினீங்களா?"

அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லிவிட்டேன்.

"அந்த ரெண்டு பெருசுங்களுக்குப் பயந்தா? சரி, திருப்புங்க. ஸ்பேனர் எங்க?"

அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அறை அவளுடையது. அந்த நிமிஷத்தில் எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

நட்டைக் கழற்றி, நம்பர் வெளியே தெரியத் திருப்பி மாட்டினேன். தலைகீழாக மாட்டினால் இழுவை குறைந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பாதி ஓடுபாதையிலேயே சக்கரம் தரையை விட்டது. மரங்களுக்கு மேலே அது ஒரு வட்டம் அடித்தபோது எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷம். இறங்கியதும் இரண்டு பெருசுகளும் ஓடி வந்து குனிந்தார்கள்.

"பத்தரைக்கு ஆறு" என்று செயலாளர் படித்தார்.

"ஆறு!" என்றார் தலைவர். "ஆறுன்னு பத்து வருஷமா நான் தொண்ட கிழியக் கத்தல?"

"பத்துலதானே சார் ஆரம்பிக்குது" என்றார் செயலாளர். "நான் சொன்னதுல பாதியாவது இப்பப் புரிஞ்சுக்கிட்டாங்களே."

'என் ஆலோசனைப்படி' என்று ஆளுக்கொரு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கையேட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விமானத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சாயங்கால வெயில் அறை முழுக்க இருந்தது. நடையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. சொன்ன சொல் மாறாமல், வாயே திறக்காமல், அவள் மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் மூன்று தடவை ஊசியைத் தாண்டிப் போனது.

"பவர் மறுபடி ஏறிடுச்சு போல. நாளைக்குக் கடைல பாக்குறீங்களா?"

வழக்கமாக "சரி" என்றுதான் சொல்வேன்.

"பவர் சரியாத்தான் இருக்கு" என்றேன். "வெளிச்சம்தான் இல்ல."

அவள் நூலைக் கீழே வைத்தாள். "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் கண்ணாடி மாத்தும்போதே."

நான் குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

"அந்தப் பக்கம் தூக்கு" என்றேன்.