மச்சான் கடைச் சேலை

கோடிச் சேலையோடு அண்ணன் படியேறி வருகிறான் என்றதும் ஞானேஸ்வரி எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திக் கொண்டியையும் போட்டாள். சாவு வீட்டில் யாராவது கதவைச் சாத்துவார்களா? ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் அவளுடைய புருஷன் லெட்சுமணன் கிடந்தான். கண்டி மாநகரசபையில் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். உயிரோடு இருந்தவரைக்கும் அவன் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை.

"அடியே, கொண்டிய எடு. பொறந்த வீட்டுக் கோடி விழாம பொணத்த எப்பிடித் தூக்குறது?" அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூக்க வேணாம்."

"கீழ பெட்டி ஏத்த வான் வந்து நிக்குது. மகியாவைச் சுடுகாட்டுல எல்லாம் சொல்லி வச்சாச்சு. மானத்த வாங்காத."

எல்லாம் ஒரு பாட்டால் வந்த வினை. பாட்டுக் கட்டுவது லெட்சுமணனுக்கு ஒரு கிறுக்கு. லீவு நாளானால் குசினியில் ரேடியோ கசட்டை வைத்து, அவள் மா அரிக்கிற அரிதட்டைத் தாளமாகத் தட்டி, பாடிப் பதிவு செய்வான். காற்று மட்டும் வருகிற பைப்பைப் பற்றி ஒன்று. நாய்க்குப் பயந்து மரத்தில் ஏறி மீட்டர் பார்த்ததைப் பற்றி ஒன்று. காசுக்கா? சிரிக்கத்தான். போன மாதம் அவளுடைய அண்ணன் அழகமுத்துவின் புடவைக்கடையைப் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டான்.

மச்சான் கடைச் சேல – அத
மகாவலியில போட்டு அலச,
நீந்துற மீனு ஊதா – தண்ணி
குடிச்ச மாடும் ஊதா!

தெல்தோட்டை பஸ் டிரைவர் ஒருத்தன் கசட்டைக் கேட்டு வாங்கிப் போய் பஸ்ஸில் போட்டான். தீபாவளி நேரம் வேறு. கடைக்கு வந்த பெண்கள் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "மாடு ஊதாவாயிருமா முதலாளி?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார்கள்.

முந்தாநாள் சாயங்காலம் அழகமுத்து வந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேடியோவைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அதிலிருந்த கசட்டின் நாடாவை உருவிச் சுருட்டி லெட்சுமணனின் வாய்க்குள் திணித்தான். "பாடுடா! இப்பப் பாடுடா நாயே!"

லெட்சுமணன் சிரித்தான். பாவி மனுஷன், மச்சான் விளையாடுகிறான் என்று நினைத்தான். அந்தச் சிரிப்புத்தான் அண்ணனுக்கு வெறியை ஏற்றியது. வாயிலேயே குத்தினான். பல் தெறித்து இரத்தம் கொட்டியது. தடுக்கப் போன ஞானேஸ்வரியைத் தள்ளிவிட்டு, வாசல்வரை பின்வாங்கிப் போன லெட்சுமணனை நெஞ்சில் எட்டி உதைத்தான். படிக்கட்டு முழுக்க உருண்டு போய், கீழே பைப்படிச் சீமெந்தில் லெட்சுமணனின் மண்டை தேங்காய் மாதிரி உடைந்தது.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு, "படில வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றாள். ஞானேஸ்வரி மயக்கம் தெளிந்து எழும்பியபோது அப்படியே எழுதி முடித்திருந்தார்கள். இன்றைக்கு உடம்பும் எரிந்துவிட்டால் அதுதான் உண்மை. பிறகு யார் கத்தி என்ன பிரயோசனம்?

கீழ்வீட்டுக் கைரியா கிட்டே வந்து அவள் காதோடு சொன்னாள். "நா பைப்படியில நின்டு எல்லாம் பாத்தேன் ஞானம். நீங்க வாயத் தொறந்தா நானும் செல்லுவேன். நீங்களே பேசாட்டி நா என்னத்தச் செல்ல?"

அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். மகளை மூலைக்கு இழுத்துப் போனாள். "போனவன் போயிட்டான். இருக்கிறவனையும் ஜெயிலுக்கு அனுப்பணுமா? அவனுக்கு மூணு பொம்பளப் புள்ளைங்கடி."

"எனக்கு யாரும்மா இருக்கா?"

"அதத்தான் நானும் சொல்றேன். இனி ஒனக்குச் சோறு போடப்போறது யாரு? அவன்தானே!"

அம்மாவே போய்க் கொண்டியை எடுத்தாள்.

அழகமுத்து தாம்பாளத்தோடு உள்ளே வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அது நடிப்பில்லை. சின்ன வயதில் ஞானேஸ்வரியைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரஹெரா ஊர்வலம் காட்டியவன் அவன். "பாப்பா" என்று தழுதழுத்துக்கொண்டே சேலையின் மடிப்பைப் பிரித்தான். விரல் முட்டியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. லெட்சுமணனின் பல் கிழித்த இடம்.

"இருண்ணே. கோடிய வாங்கிக்கிறேன். மொதல்ல அந்தப் பாட்டப் பாடு."

"என்ன பாட்டு?"

"அவரப் பாடுடா பாடுடான்னியே, வாயில நாடாவத் திணிச்சு. அவரால முடியல. அவருக்காக நீ பாடு."

"ஞானம், மரியாதையா இரு. ஆளுங்க இருக்காங்க."

"ஆளுங்க கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

அவன் பாடவில்லை. அவளே பாடினாள். ராகம் ஒப்பாரிக்கும் கும்மிக்கும் நடுவில் எங்கேயோ இழுபட்டது. மீன் ஊதாவாகி, மாடு ஊதாவானபோது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு விம்மவும் செய்தாள்.

அழகமுத்துவின் முகம் கறுத்தது. சேலையை விசிறி எறிந்துவிட்டு ஞானேஸ்வரியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் பெட்டியில் மோதிக் கீழே விழுந்தாள். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் தரையெங்கும் ஓடியது. விழுந்தவளின் முடியைப் பற்றி வாசல் பக்கம் இழுத்தான்.

"என்ன கேலி பண்றியா? அவன உருட்டின மாதிரி ஒன்னையும் உருட்டிருவேன்டி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே விளங்கியது. முடியை விட்டான். அம்மாவைப் பார்த்தான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ஞானேஸ்வரி உதட்டு இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். "கைரியா, பொலிஸுக்குப் போறீங்களா?"

"இந்தா போறேன்." கைரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

அழகமுத்துவும் வாசலை நோக்கி நகர்ந்தான். பெட்டி தூக்குவதற்காக இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கதிரையை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்தார்.