நீலப் படை

பல் செட் செய்யும் பட்டறையிலிருந்து திரும்பியவள் உடைகூட மாற்றாமல் சாப்பாட்டு மேசைக்கு மேல் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிரே அப்பாவின் சிப்பாய்கள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஈயப் பொம்மைகள். மீசை, பித்தான், வார்ப்பட்டை என்று ஒன்றுவிடாமல் வண்ணம் தீட்டியவை. சிவப்பு ஒரு படை, நீலம் ஒரு படை. எதிரெதிரே நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி அப்பா சண்டை போடுவார். "ரெண்டு பக்கமும் நானேதான். தோத்தாலும் வீட்டுக்குள்ளதான்" என்று சிரிப்பார். போன மாதம் அவர் போய்ச் சேர்ந்தபோது வீடு இரண்டாந்தாரமாக வந்த சித்திக்கு, படை மகளுக்கு என்று எழுதிவைத்திருந்தார். அதில் அவளுக்கு மனக்குறை இல்லை. நேற்று சித்தி போனில் கேட்டதுதான் உறுத்தியது.

"சிவப்பு நீயே வச்சுக்கம்மா. அந்த நீலத்த மட்டும் எனக்குக் குடுத்துடு."

இத்தனை வருஷமும் "அந்தப் பொம்மைங்க பக்கமே நான் போனதில்ல" என்று சொன்ன வாய் அது. திடீரென்று நீலத்தின் மேல் மட்டும் என்ன பாசம்? கணவனிடம் சொன்னால், "ஞாபகத்துக்குக் கேக்கறாங்க, பாவம். உனக்குப் பாலப் பாத்தாலும் சுண்ணாம்புத் தண்ணியாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

நீலச் சிப்பாய் ஒருவனை விளக்கடியில் திருப்பினாள். பீங்கான் பல்லுக்குச் சாயம் ஏற்றியே பழகிய கண். பிரஷ் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்தே யார் கைவேலை என்று சொல்லிவிடுவாள். சிவப்புப் படை முழுக்க அப்பாவின் வலக்கை இழுப்பு. நீலத்தில் எல்லாமே நேர்மாறு. இடக்கை. அந்த வீட்டில் இடக்கையால் காய் நறுக்கியது ஒரே ஆள்தான், சித்தி. தீட்டினால் தீட்டிவிட்டுப் போகட்டும், அதை ஏன் மறைக்க வேண்டும்? மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

அப்பாவின் பழைய வீடியோ கேசட்டுகளைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கி வைத்திருந்தாள். செத்தவர்களின் குரலைக் கேட்கத் தெம்பில்லாமல் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றில் அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசை. முன்னால் அவளே ஆடிக்கொண்டிருக்கிறாள், சின்னப் பிள்ளையாக. பின்னால் போர் நடக்கிறது. அப்பாவின் கை சிவப்பை நகர்த்துகிறது. ஆள் தெரியாமல் ஓரத்திலிருந்து இன்னொரு கை வந்து நீலத்தை நகர்த்துகிறது. இடது கை. மணிக்கட்டில், சித்திக்கு இருக்கிற அதே தீக்காயத் தழும்பு.

ஆடுகிற பிள்ளைக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை. அப்படியென்றால் ஆறு, ஏழு வயசு. அம்மா இறந்தபோது அவை முழுசாக முளைத்திருந்தன. அந்தப் பற்களால்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சித்தி வந்தது அதற்கும் பிறகு. சொந்தக்காரர்கள் பார்த்து முடித்த கல்யாணம், அதற்குமுன் முகம்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் வீட்டுக் கதை. அம்மா உயிரோடு இருக்கும்போதே, அம்மாவின் மேசையிலேயே!

ஞாயிற்றுக்கிழமை சித்தி ஓர் அட்டைப்பெட்டியும் பஞ்சுமாக வந்தாள். மகள் வாங்க என்றுகூடச் சொல்லாமல் திரையைத் திருப்பி வைத்து அந்தப் படத்தை ஓடவிட்டாள்.

"யார் கை சித்தி இது?"

சித்தி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "என் கைதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"உங்கம்மாதாம்மா என்னைக் கூட்டிட்டு வந்தா. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். உனக்கு ஞாபகமிருக்காது. உங்கப்பாவுக்கு எதிராட ஆளில்ல, அவளுக்கு அதுக்குப் பொறுமையில்ல. நீலம் பூரா நான் பெயிண்ட் அடிச்சது. அவ போனப்புறம் நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு... சொல்லாமலே விட்டுட்டோம்." சித்தி மூக்கை உறிஞ்சினாள். "நம்பிக்கை இல்லன்னா சத்தத்த வச்சுப் பாரு. கேமரா யார் கையில இருந்துச்சுன்னு தெரியும்."

சத்தத்தை வைத்தாள்.

"ஏய் ஓட்டப்பல்லு, தள்ளி நில்லுடி! போர் மறைக்குது!"

அம்மா. அந்தக் குரல் இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள் அம்மா, சிரிப்பில் படமே குலுங்கியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவளே கூட்டிவந்த சிநேகிதியைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. நீலத்தை எடுத்துக்குங்க சித்தி என்று சொல்ல வாயெடுத்தாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. கேமரா பிள்ளையை விட்டு நகர்ந்து மேசைக்குப் போயிற்று. இடது கை நீலத் தளபதியைச் சிவப்புத் தளபதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. வைத்த கை திரும்பவில்லை. அப்பாவின் விரல்களும் அங்கேயே இருந்தன. சிரிப்பு நின்றது. கேமரா மெல்ல மெல்ல அந்தக் கையை நெருங்கி, திரை முழுக்கத் தழும்பு நிறையும் வரை போய், அப்படியே நின்றது. அம்மா மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சித்தியின் இடது கை பெட்டியிலிருந்த பஞ்சுக்கு அடியில் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.