வேதாகமத்தில் ஒட்டிய தாள்

ஸ்ரீராம்புரத்துச் சபையில் மாதர் ஞாயிறன்று வேதபாடம் வாசிப்பவரைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். இந்த வருஷம் ஹெலன் பெயர் வந்தது. போலியோவால் கால் போனதிலிருந்து கோயில் வாசலோரம் வீல்சேரிலேயே உட்கார்ந்து பழகியவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சபைச் செயலாளர் லாயிட் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசிக்க வேண்டிய பகுதி, ஆலய வாசலில் பிச்சை கேட்ட சப்பாணியைப் பற்றியது. அந்தச் சொல்லை ஹெலன் வாயால் எப்படிச் சொல்லவைப்பது என்று மனிதர் தவித்துப்போயிருந்தார்.

"கவலப்படாதம்மா. மேடை வேதாகமத்துல அந்த வார்த்தை மேல பேப்பர் ஒட்டி, மாற்றுத்திறனாளின்னு எழுதிட்டேன்," என்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கையில் கோந்து கிடைத்தால் இப்படித்தான் ஆகும்.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு அழுதவள்தான் ஹெலன். அதனாலேயே அது எங்கிருந்து வந்ததென்று தேடிப் படித்திருந்தாள்.

"சப்பணம்னா காலை மடக்கி உக்கார்றது, அண்ணா. அதுலேர்ந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. உக்காந்திருக்கிறவன், அவ்ளோதான். அத திட்டா ஆக்கினது ஜனங்க. பேப்பரப் பிச்சிடுங்க."

"உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?"

"வார்த்தை கஷ்டமில்ல. மேடைக்குப் படி இருக்கே, அத யோசிச்சீங்களா?"

லாயிட் அவள் வீல்சேரைப் பார்த்தார். "பசங்க சேரோட தூக்கிடுவாங்கம்மா," என்றார் மெதுவாக.

"நான் என்ன மூட்டையா? தூக்கினா நான் வாசிக்கமாட்டேன்."

அவர் போனதும் ஹெலனுக்கு அழுகை வந்துவிட்டது. கைக்கு வந்ததை வாயால் கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் கோயிலுக்குப் போனால், வாசலோரம் அவள் இடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டிருந்தது. அதன்மேல் மேடை வேதாகமமும் மைக்கும் இருந்தன. தாளைப் பிய்த்த இடத்தில் பக்கம் லேசாக உரிந்திருந்தாலும் சொல் தெளிவாகத் தெரிந்தது.

"மேடைக்குச் சாய்வா ரேம்ப் போட மேஸ்திரி பச்சைமுத்துகிட்ட சொல்லிட்டேன். புதன்கிழமை வர்றார். இன்னிக்கு மட்டும் இங்கேர்ந்து வாசிம்மா," என்றார் லாயிட், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஹெலன் வாசிக்கத் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் மேடையைப் பார்த்தபடி இருந்தவர்கள், குரல் பின்னாலிருந்து வரவும் ஒவ்வொருவராக எழுந்து திரும்பினார்கள். அந்தச் சொல் வந்தபோது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் முதுகுகளை மட்டுமே பார்த்து ஜெபித்தவள், அன்றுதான் தன் சபையின் முகங்களைப் பார்த்தாள்.