படம் எடுத்தாச்சு

ஹட்டன் பஸாரில் கையில் கேமராவோடு நடக்கிறவனைவிடக் கத்தியோடு நடக்கிறவனுக்கு மரியாதை அதிகம். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை.

நான் கணேசமூர்த்தி. இஸ்ஸதீன் முதலாளியின் இரும்புக் கடையில் வேலை. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது இந்தப் பெட்டிக் கேமராவை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஸ்டேஷன் பாலத்தில் நின்று கீழே புகை கக்கும் எஞ்சினை எடுப்பேன். மழைக்குக் கடை ஓரம் ஒதுங்கிய கூட்டத்தை எடுப்பேன். மரக்கறிச் சந்தையில் கோவா மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிறவனை எடுப்பேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? பனி இறங்கினால் எதிரே நிற்கிற ஆளே காணாமல் போகிற ஊர் இது. கண்ணுக்குத் தெரிகிறபோதே வைத்துக்கொள்வோமே என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

அந்த ஆசையில் மண் விழுந்தது. போன ஒக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, தோட்டத் தமிழர்களான எங்களில் இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். யார் அங்கே, யார் இங்கே என்பது மட்டும் எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தியா போகிறவன் கண்டியிலுள்ள இந்திய ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் படம் வேண்டும். அதனால் தோட்டத்தில் அறை அறையாய் வரிசை கட்டிய லயங்களில் 'படம் எடுத்தாச்சா?' என்று கேட்டால், 'இந்தியாவுக்குப் பேர் கொடுத்தாச்சா?' என்றே அர்த்தமாகிவிட்டது. பேர் கொடுத்தவன் வாயைத் திறக்கமாட்டான். திறந்தால் அடுத்த காம்பராக்காரன் அவனுடைய மரக்கறிப் பாத்தியை அன்றைக்கே அளக்க ஆரம்பித்துவிடுவான்.

இந்த லட்சணத்தில் நான் கேமராவோடு திரிந்தால் சும்மா விடுவார்களா? பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. முதலாளியே ஒருநாள் தராசில் ஆணிகளை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"மூர்த்தி, நீ கவர்மெண்டுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிறியாம். சந்தையில பேசிக்கிறாங்க."

"நீங்களும் நம்புறீங்களா மொதலாளி?"

"நான் நம்பல்ல. ஆனா என்னைய மட்டும் எடுத்துராத."

என்னை நம்பி முகம் காட்டியது ஒரே ஒருத்தி, மீனம்மா. நான் பிறந்த தோட்டத்தில் அடுத்த காம்பரா. அவளுடைய அப்பா மாயாண்டியை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். மீனம்மாவின் சின்ன வயதிலேயே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக்கிப் போட்டு, தலை வாரிவிட்டு வளர்த்தது எல்லாம் அவர்தான். லிந்துலையில் லொறி ஓட்டுகிற நல்லமுத்துவுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அவர்கள் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பம், இங்கேயே இருக்கப்போகிறவர்கள். பையன் ஒரு படம் கேட்டான். இவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே எழுதியிருந்தது.

லயத்துச் சுவர் கரி பிடித்துக் கிடந்ததால், சித்தப்பாவே தம் வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டினார். படம் நன்றாக வந்தது. பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரிசம் போட வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காரணம் சொல்லவில்லை. நான் போய் நின்றபோது மீனம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணே, எம் படத்த எங்கெங்க காட்டுனீங்க?"

என் தங்கச்சி மாதிரி இருக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? லயமே வாசலில் நின்று என்னைப் பார்த்தது. எனக்கோ ஸ்டூடியோக்காரன்மேல் சந்தேகம். என் பிலிமைக் கழுவித் தருகிறவன் அவன்தான். பார்த்ததை எங்கேயோ உளறியிருக்கிறான் என்று நேரே போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"பாஸ்போட்டுப் படம் புடிக்கவே எனக்கு மூச்சுவிட நேரமில்ல. ஒன் படத்த எவன் பாத்தான்? கைய எடு" என்றான்.

கையை எடுத்துவிட்டு லிந்துலைக்குப் பஸ் ஏறினேன்.

நல்லமுத்துவின் அம்மா பேச்சியம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இத நீங்களே பாருங்க தம்பி. பின்னால வெள்ளத் துணி. நேராப் பாக்குது. ரெண்டு காதும் தெரியுது. கல்யாணப் பொண்ணு படமா இது? இருந்தாலும் மனசு கேக்காம, ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல ஒங்க சித்தப்பாகிட்டயே கேட்டேன், படம் எடுத்தாச்சான்னு. எடுத்தாச்சும்மான்னு வாய் நெறையச் சொன்னாரு. நாளைக்குக் கப்பலேறப் போற பொண்ண எங்க தலையில கட்டவா பாத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"அக்கா, அவரு சொன்னது இந்தப் படத்த. நான் எடுத்தத. நீங்க ஒண்ணு கேட்டீங்க, அவரு ஒண்ணு சொல்லிட்டாரு."

கரிச் சுவரையும் வேட்டியையும் விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாள் அப்போதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கையை நீட்டி, மீனம்மா இந்தியாவுக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் என்றும் முடிவானது.

திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. நம்மைச் சந்தேகப்பட்ட வாய்களுக்கு இன்றைக்குச் சர்க்கரை போட்டு அடைத்துவிடலாம் என்று சந்தோஷம். சித்தப்பா வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும் மூர்த்தி."

"என்ன சித்தப்பா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். நீ குடுத்த படத்துல ஒண்ண கண்டியில குடுத்திருக்கேன். எம் பேரோட மீனம்மா பேரையும் சேத்து. அதுவே நேருல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்னாங்க. எப்புடிச் சொல்றதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கத்தியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். விளக்குமேல் கைவைத்துவிட்டு வந்திருக்கிறேனே.

"ஏன் சித்தப்பா இப்புடிச் செஞ்சீங்க? நல்ல எடம். பையன் தங்கம்."

"பையனக் கொற சொல்லலப்பா. பிரசாவுரிமைக்கு ரெண்டு தரம் எழுதிப் போட்டேன். ரெண்டு தரமும் இல்லைன்னுட்டான். இனி எவன்கிட்டயும் கெஞ்ச மாட்டேன், நான் போறேன். ஆனா அது இங்க வாழ்க்கப்பட்டா நான் மட்டுந்தானே கப்பலேறணும்? அங்க எறங்கி நான் யாரு மூஞ்சியில முழிக்கிறது?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டூடியோக்காரன் சட்டையைப் பிடித்தேன், இந்த மனிதரை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

உள்ளேயிருந்து மீனம்மா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது நடையிலேயே தெரிந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள்.

"லிந்துலையில என்ன சொல்லிட்டு வந்தீங்க அண்ணே?"

"நீ போகலேன்னு. வெளக்குமேல கைவச்சு."

தலையை ஆட்டினாள்.

"பொட்டியில பிலிம் இருக்கா?"

"இருக்கு."

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு படம் எடுங்க. அப்பா கொண்டு போகட்டும்."

சித்தப்பா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பழைய கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, மகள் பக்கத்தில் வந்து நின்றார்.