செக்காய் கத்திய சனிக்கிழமை

சும்மா சொல்லக்கூடாது, செக்காய் அன்றைக்கு எல்லா ஏற்பாடும் பார்த்துத்தான் செய்தாள். மகள் அனேசுவைப் பாட்டுப் பயிற்சிக்குத் தேவாலயத்துக்கு அனுப்பினாள். புருஷன் முனாஷே காலையிலேயே கோம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஹராரேவுக்கு ஆள் ஏற்றப் போயிருந்தான். சனிக்கிழமைச் சவாரி இருட்டும்வரை ஓயாது. கதவைத் தாழிட்டாள், திரையை இழுத்துவிட்டாள். மின்சாரம் போயிருந்ததை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அவர்கள் இருக்கும் சிட்டுங்விசாவில் மின்சாரம் இருந்தால் வீட்டுக்கு ஒரு ரேடியோ அலறும், யார் எதற்குக் கத்தினாலும் காதில் விழாது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குவதுகூடக் கேட்கும்.

அந்தச் சாமானுக்கு ரோஜா என்றே பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்பு ரப்பர் ரோஜா, இதழ்களுக்கு நடுவே சின்ன வாய். பொத்தானை அழுத்தினால் அந்த வாய் காற்றை இழுத்து இழுத்து விடும், அவ்வளவுதான் சங்கதி. செக்காய் வேலை பார்க்கும் பார்லரில் முடி பின்னிக்கொள்ள உட்காரும் பெண்கள் ஒரு வருஷமாக வேறு பேச்சே பேசவில்லை. "என் புருஷனுக்கு லீவு குடுத்துட்டேண்டி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரித்துச் சிரித்துப் பாதிப் பின்னலோடு எழுந்து ஓடுவாள். அதை விற்றவள் பிரிவிலெஜ், செக்காய் வீட்டுத் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். ஜோபர்க் நகரத்திலிருந்து சவுரி முடி கொண்டுவந்து விற்பது அவள் தொழில். சுங்கத்தில் பிடித்தால் ஜெயில் என்பதால் ரோஜாக்களைச் சவுரிக் கட்டுக்குள் சுருட்டி எல்லை தாண்டுவாள்.

"அனேசு அம்மா, ஒரே ஒரு தடவை வெச்சுப் பாரு. ஆனா தலையணையக் கடிச்சுக்கோ, சொல்லிட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

செக்காய்க்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கையில் கொசு முனகுவது போல இருந்தது. தப்பான இடத்தில் வைத்துக் கூச்சத்தில் நெளிந்தாள், நிறுத்தினாள், வெட்கத்தைத் திட்டிவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், ஒரு பிள்ளை. இத்தனைக்கும் பிறகு தன் உடம்பில் இப்படி ஒன்று இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த வேகத்தில் கத்திவிட்டாள். தலையணையாவது ஒன்றாவது, யாருக்கு ஞாபகம் இருக்கும்? கத்தி முடித்து, மூச்சு வாங்கி, மறுபடியும் கத்தினாள்.

முனாஷே அப்போது முற்றத்தில் நின்றிருந்தான். சாலையில் போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்துப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருந்தான். கதவை ஒரே உதையில் பெயர்த்தான். அந்தச் சத்தத்துக்கும் அவன் உள்ளே நுழைவதற்கும் இடையில் செக்காய் ரோஜாவைச் சோள மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடியையும் போட்டுவிட்டாள். உடம்பில் ஒரு துணி சுற்றியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"எங்கடி அவன்?"

"யாரு?"

அறை கன்னத்தில் விழவில்லை, காதில் விழுந்தது. காதுக்குள் ஏதோ கிழிந்தது. முனாஷே கட்டிலைப் புரட்டினான், அலமாரியின் கதவைப் பிடுங்கினான், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தான். ஆள் நுழைய வழியே இல்லை. திரும்பி வந்து அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"என் காதால கேட்டேன்! நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல! யாருமே இல்லாம எப்படிடி?"

அப்போதுதான் அவன் கண் சுவருக்குப் போனது. ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவர்கள் வாடகைக்கு விட்டிருந்த அறை, அதில் சிர்வா. அறுபது தாண்டிய செருப்புத் தைக்கிறவர், நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார். இப்போது தட்டும் சத்தம் இல்லை. பாவம், கேட்டதற்குக் கூச்சப்பட்டுச் சுத்தியலைக் கீழே வைத்திருந்தார்.

"முபோபோபோ" என்றான் முனாஷே.

அந்தச் சொல்லைக் கேட்டால் எந்தப் புருஷனுக்கும் ரத்தம் சுண்டிவிடும். ஒருத்தன் தன் அறையில் உட்கார்ந்தபடியே, தொடாமல், வராமல், சூனிய மருந்தின் பலத்தால் அடுத்தவன் பெண்டாட்டியோடு படுத்துவிடுவான் என்பார்கள். இப்படிப்பட்ட மருந்தெல்லாம் மலாவி நாட்டுக்காரர்களிடம்தான் இருக்கிறதாம். சிர்வாவின் அப்பா மலாவியிலிருந்து பண்ணை வேலைக்கு வந்தவர். சிர்வா ஹராரேயில் பிறந்தவர், மலாவியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

"உண்மையச் சொல்லு. யாரோ மேல இருக்கிற மாதிரி இருந்துச்சா? ஆள் தெரியாம?"

செக்காய்க்கு இரண்டு பாதைதான் தெரிந்தது. மாவு டப்பாவைத் திறந்து காட்டினால் தெரு முழுக்கச் சிரிக்கும், முனாஷே அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டு அனேசுவை வைத்துக்கொள்வான். தலையாட்டினால் அடி நிற்கும். அவள் தலையாட்டினாள். அடி நின்றது. கோழை, வேறென்ன சொல்வது!

மறு நிமிஷம் சிர்வாவின் கதவு உடைந்தது. முனாஷே அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்து முழங்காலால் வயிற்றில் இடித்தான்.

"தம்பி, தம்பி, நான் செருப்புதான் தைச்சுக்கிட்டு இருந்தேன்…"

"எவ பேரைச் சொல்லித் தைச்சே? என் பொண்டாட்டி பேரையா?"

செருப்பு வைத்துத் தட்டும் இரும்புக் காலையே எடுத்து அவர் வாயில் அடித்தான். பல் உடைந்து மண்ணில் விழுந்தது. தெரு கூடிவிட்டது. கூடியவர்களில் ஒருவராவது என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'முபோபோபோ' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. முதல் கல் வேலிப் பக்கமிருந்து வந்தது, அடுத்தது அவர் நெற்றியைப் பிளந்தது. எதிர்வீட்டு டடென்டா அப்பா கையில் முனையில் குமிழ் வைத்த தடியோடு வந்தவர், தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"போன வாரம் நீயும் கத்தினியே! கெட்ட கனவுன்னியே! இவன்தானா?"

டடென்டா அம்மா அந்தத் தடியைப் பார்த்தாள். "ஆமா. இவன் முகம்தான் தெரிஞ்சுது."

தடி சிர்வாவின் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் செக்காய்க்கு கிழிந்த காதிலும் கேட்டது. அவர் அலறினார், அந்த அலறலைக் கேட்டுக் கூட்டம் இன்னும் நெருங்கியது.

பையன்கள் சிர்வாவின் அறைக்குள் புகுந்து சாமான்களை வெளியே எறிந்தார்கள். மூட்டு வலிக்குக் கட்டும் வேர் ஒரு பொட்டலம், பசை டப்பா, பிறகு செருப்புகள். எல்லாம் பெண்கள் செருப்பு.

"ஐயோ, இது என்னோடது!"

"இது என் தங்கச்சியோடது! காலடி மண்ண எடுத்திருக்கான்யா பாவி!"

குதிகால் ஒட்டச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். எப்போது தருவீர்கள் என்று நேற்றுகூடக் கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அதே செருப்பால் அவர் முகத்தில் மாறி மாறி அடித்தார்கள். சிர்வாவின் ஒரு கண் மூடிவிட்டது. மண்ணில் கவிழ்ந்து கிடந்தவரை முனாஷே காலால் புரட்டி மல்லாக்கப் போட்டான். பிறகு வண்டிக்குப் போய்ப் பெட்ரோல் கேனை எடுத்துவந்து மூடியைத் திருகினான்.

பெட்ரோல் நெடி வாசற்படி வரை வந்தது. செக்காய் அங்கேதான் நின்றிருந்தாள். மனுஷன் எரியப் போகிறார், தன் தலையாட்டலுக்காக எரியப் போகிறார் என்பது அவளுக்கு அப்போது உடம்பு முழுக்கத் தெரிந்தது. உள்ளே ஓடி மாவு டப்பாவுக்குள் கையை விட்டாள்.

"நிறுத்துங்க! அவர் இல்ல! இது! இதனாலதான் கத்தினேன்!"

ரோஜாவை உயர்த்திப் பிடித்துப் பொத்தானை அழுத்தினாள். அது முனகியது. மேலெல்லாம் வெள்ளையாக மாவு. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"அதான் மருந்து! பொடி பூசியிருக்கு பாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

"சோள மாவுடா அது! சட்ஸா கிண்டுற மாவு! இது மெஷின்டா, பொம்பளைங்க வெச்சுக்கிறது!"

"உயிரோட முனகுது! கிழவன் இதைத்தான் அவ வீட்டுக்குள்ள வெச்சிருக்கான்!"

அடக் கடவுளே, உண்மையைச் சொன்னதும் அது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. முனாஷே அவள் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டு முகத்தில் ஒரு குத்து விட்டான். அவள் உதடு கிழிந்தது.

"அவன் குடுத்ததை உள்ள வெச்சுக்கிட்டா இருந்தே?"

"பிரிவிலெஜ்!" செக்காய் ரத்தத்தோடு கத்தினாள். பிரிவிலெஜ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். "நீதானே வித்தே? சொல்லு! ஒரு உசுரு போகுதுடி!"

பிரிவிலெஜ் தோளில் கிடந்த துணியை இழுத்து மூடிக்கொண்டாள். "எனக்குச் சவுரிதான் தெரியும். மத்தது எதுவும் தெரியாது."

முனாஷே கேனைக் கவிழ்த்தான். சிர்வாவின் மார்பில், கழுத்தில், பிளந்த நெற்றியில் பெட்ரோல் கொட்டியது. புண்ணில் பட்டதும் அவர் துள்ளினார். முனாஷே சட்டைப்பையில் லைட்டரைத் தேடிய நேரத்தில் செக்காய் போய் அவர்மேல் குப்புற விழுந்தாள். பெட்ரோல் அவள் துணியில் ஊறியது.

"பத்த வை" என்றாள். "ரெண்டு பேரையும் சேர்த்துப் பத்த வை. அனேசு பாட்டு முடிஞ்சு வருவா, அம்மா எங்கன்னு கேப்பா. நீயே பதில் சொல்லிக்கோ."

யாரோ அவள் முதுகில் உதைத்தார்கள், இன்னொருவன் காலைப் பிடித்து இழுத்தான். அவள் சிர்வாவின் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். முனாஷேயின் விரல் லைட்டர் சக்கரத்தில் இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

"தள்ளுங்க!"

டடென்டா அம்மா. எப்போது வீட்டுக்குப் போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் ஒரு ரொட்டிப் பை. அதைத் தலைகீழாக உதறினாள். மண்ணில் விழுந்தது இன்னொரு ரோஜா, மாவு இல்லாமல், சுத்தமாக. சார்ஜர் வயரும் கூடவே விழுந்தது.

"இது என்னோடது. பிரிவிலெஜ்கிட்டதான் வாங்கினேன். போன வாரம் நான் கத்தினதும் இதுக்குத்தான். கிழவன் முகம் தெரிஞ்சுதுன்னு சொன்னது பொய்." "மருந்தாம் மருந்து! மருந்துக்கு எவனாவது சார்ஜர் வெப்பானா?"

பின்னாலிருந்து ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். இன்னொருத்தன், "டடென்டா அப்பா, உங்க வேலையை ரப்பர் பாக்குதா?" என்றான். அந்தச் சிரிப்பு சிர்வாவைக் காப்பாற்றியது, டடென்டா அம்மாவைக் காப்பாற்றவில்லை. டடென்டா அப்பா தடியைப் போட்டுவிட்டு அவள் கழுத்தைப் பிடித்து வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் உள்ளே பாத்திரம் உருண்டது, அவள் அலறல் கேட்டது. எவரும் போகவில்லை. ஒரு கிழவரைக் கொல்ல அத்தனை பேர் வந்த தெருவில், அடுத்தவன் குடும்ப விஷயம் என்றதும் எல்லோருக்கும் வேலை ஞாபகம் வந்துவிட்டது. பெண்கள் தங்கள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

முனாஷே செக்காயை அவர்மேலிருந்து பிடுங்கி வீட்டுக்குள் இழுத்துப் போட்டான். சிரிப்பு அவன் பின்னாலேயே வந்திருந்தது. அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்திக் கையை ஓங்கினான்.

"அந்த ரப்பர்ல என்னடி இருக்கு, எங்கிட்ட இல்லாதது?"

வாயிலிருந்த ரத்தத்தை அவள் துப்பினாள். இன்னும் அடிப்பான் என்று தெரியும். ஆனால் பெட்ரோலில் படுத்து எழுந்தவளுக்குப் பயம் எங்கே மிச்சம்?

"பன்னெண்டு வருஷமா என்கூடப் படுக்கறே. இன்னிக்கு நான் சந்தோஷத்துல கத்தினேன். அது என் குரல்னே உனக்குத் தெரியல. சூனியம்னு நெனச்சு ஒரு மனுஷனைக் கொளுத்தப் போயிட்டே. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?"

அறை விழுந்தது. அதில் பலமில்லை. அடித்த கையை அவன் தன் தொடையில் துடைத்துக்கொண்டு, புரண்டு கிடந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அவள் அவனைக் கடந்து வெளியே போனாள்.

சிர்வா வேலியோரம் வரை ஊர்ந்து போயிருந்தார். ஒரு கால் பின்னால் இழுபட்டது. செக்காய் குனிந்து அவர் கக்கத்தில் கை கொடுத்தாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"நீ தலையாட்டினேன்னு உன் புருஷன் சொன்னான்" என்றார். பல் போன வாயில் வார்த்தை குழறியது. "அடிக்கும்போது சொன்னான். நெசமா?"

"நெசம்தான் தாத்தா."

மூடாத ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டிருந்தால் காறித்தான் துப்பியிருப்பார். அவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார், கால் மடங்கி மறுபடி விழுந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். செக்காய் அவர் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைக்குமா என்று பார்க்க இருவரும் பெரிய சாலையை நோக்கி நகர்ந்தார்கள்.