நாலாவது பேட்டரி

"அந்த ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கி எறியின்னு எத்தனை தடவ—"

"எறிஞ்சிட்டு? தெருத்தெருவா நான் தொண்ட கிழியக் கத்தவா—"

"கத்தேன்! வீட்ல கத்துறது பத்தலயா?"

பூங்கோதையும் அவள் புருஷன் அன்புவும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு பேசினார்கள். இருவருக்கும் நடுவே, ஒற்றை அறையின் ஒரே வாசலை முக்கால்வாசி அடைத்தபடி, மாவு விற்கப் போகும் எலக்ட்ரிக் பைக் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே நிறுத்தினால் டில்லியில் சக்கரம்கூட மிஞ்சாது. உள்ளே கட்டிலில் ஏழு வயது மேகலா காய்ச்சலோடு தூங்கினாள்.

சீட்டைத் தூக்கி வைத்திருந்தான் அன்பு. பூங்கோதை குனிந்து ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டுப் பார்த்தாள். நாலாவதில் வைத்த விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"மூணும் பேசாம கெடக்குது. இது மட்டும் பூரி கணக்கா உப்பியிருக்கு. சுடுதுய்யா."

"சார்ஜ் ஏறினா சுடத்தான் செய்யும். நாலும் கைகோத்து நின்னாத்தான் மோட்டாருக்கு நாப்பத்தெட்டு வோல்ட். ஸ்பீக்கருக்கும் லைட்டுக்கும் பன்னண்டே போதும். அத கொறச்சுக் குடுக்கிற கன்வர்ட்டர் மழையில செத்துப்போச்சு. ஒரு பேட்டரியே பன்னண்டு குடுக்கிறப்ப புதுசு எதுக்கு? கடைசிப் பேட்டரியிலருந்து ஒயர இழுத்துட்டேன். மூளைடி, மூளை."

"பெரிய மூளை! நாலு மருமக இருக்கிற வீட்ல ஒருத்தி மட்டும் மத்தவங்களோட சேர்ந்து ஆக்கவும் செஞ்சு, தனியா பாத்திரமும் தேச்சா, அவதான் மொதல்ல படுப்பா. படுத்தவ வாயில, நாலு பேருக்கும் ஒரே மாதிரின்னு சார்ஜுங்கிற சோத்தத் திணிக்கிற நீ."

அன்பு சிரித்தான். ஸ்பீக்கரை எடுக்க அவனுக்கு மனசு வராது. "இட்லி மாவு ஆ கயா, ஆன்ட்டி!" என்று, மாவு வந்துவிட்டதை அதில் கூவுவது பதிவு செய்து வைத்த மேகலாவின் குரல். அதைக் கேட்டுத்தான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் மாடியிலிருந்து பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக்கிறேன். நாளைக்கு கன்வர்ட்டர் மாட்டிடுறேன், சத்தியமா."

"புள்ள தலைமாட்டுல நின்னுகிட்டு சத்தியம் பண்ணாத."

அப்போது ஃபேன் நின்றது. சார்ஜரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது. பூங்கோதைக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. கூடவே சந்து முனையில் ஹார்ன் சத்தம். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் கதவைத் தட்டினாள்.

"டேங்கர் வந்தாச்சு! ஜல்தி வாங்க! நேத்தும் தண்ணியில்ல, இன்னிக்கும் விட்டா குளிக்கிறதுக்கு யமுனைக்குத்தான் போவணும்!"

டேங்கர் வந்தால் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே ஏறிக் குழாயைச் சொருக, ஒருவர் கீழே டிரம்மைக் காக்க. பூங்கோதை மகளைப் பார்த்தாள். உப்பிய பேட்டரியைப் பார்த்தாள். கரண்டே இல்லாதபோது என்ன பயம்? பைக்கை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். நாய் நுழைந்துவிடும் என்று அன்பு கதவைப் பூட்டினான்.

டேங்கரைச் சுற்றி ஒரே கூச்சல். அன்பு மேலே ஏறிக் குழாயை உள்ளே விட்டான். பூங்கோதை கீழே முனையைப் பிடித்தபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மாட்டலன்னு வையி..."

"வீட்டுச் சண்டைய இங்கயும் கொண்டாந்துட்டீங்களா?" என்றாள் குஞ்சம்மாள். "டிரம்முல நெறஞ்சத தலையில ஊத்திக்குங்க, அணையட்டும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூங்கோதைக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரம் பாதி நிறைந்திருக்கும். முனையிலிருந்த சலூனில் கூலர் கடகடவென்று சுழலத் தொடங்கியது. "லைட் ஆ கயீ!" என்று கரண்ட் வந்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

குழாய் அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீர் காலில் கொட்டியது. அவள் நிமிர்ந்தாள். டேங்கர் மேல் அன்பு, பிடித்த குழாயைப் பிடித்தபடியே, அவர்கள் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"யோவ்! சார்ஜர் சுவிட்சை அணைச்சியா?"