திங்கட்கிழமை வரை

நான் எங்கள் ஊரிலேயே குடும்ப மருத்துவராக வந்து உட்கார வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சஸ்காட்டூன் நகரத்துக்கு வடக்கே, கோதுமை வயல்களுக்கு நடுவில், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிற மென்னோனைட் கிறிஸ்தவர்களின் ஊர் எங்களுடையது. ஒருவர் தும்மினால் தெருவே நலம் விசாரிக்கும். மருத்துவம் முடித்துப் பயிற்சியில் இருந்த வருடம் வரை எனக்கும் அந்த எண்ணம்தான்.

அந்த அறுவடைக் காலத்தில், நான் பயிற்சி பார்த்த சிற்றூர் மருத்துவமனைக்கு ஒரு விவசாயியைத் தூக்கிவந்தார்கள். மாரடைப்பு. வரும்போதே உயிர் இல்லை. பெரிய டாக்டர் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்ததால், மனைவியிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது முறை எனக்கு வாய் எழவில்லை. வெளியே போய், படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். மிச்சத்தை ஒரு நர்ஸ்தான் சொன்னார்.

நான் அணு மருத்துவத்துக்குப் போனதற்கு அதுதான் காரணம். நேர்காணலில் வேறு என்னென்னவோ சொன்னேன். நரம்பில் கதிர்மருந்து ஏற்றி, அது உடம்புக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்று கேமராவில் பிடித்தால், நோய் இருக்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். இருட்டறையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் படித்து, அறிக்கை எழுதி, நோயாளியை அனுப்பிய டாக்டருக்கே அனுப்பிவிடலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்.

"பதிமூணு வருஷம் படிச்சது இருட்டுல உக்காந்து படம் பாக்குறதுக்கா?" என்றாள் அம்மா.

"தியேட்டர்ல வேலைக்குச் சேர்ந்திருந்தா பாப்கார்னாவது சும்மா கிடைச்சிருக்கும்" என்றார் அப்பா.

சஸ்காட்டூனில் எனக்கு வேலை கிடைத்த பிரிவில் ஒரீசியா ஹ்னாத்யுக் மூத்த டெக்னீஷியன். உக்ரைனியக் குடும்பம், என்னைவிட ஒன்பது வயது பெரியவர். நரம்பே கிடைக்காத கைகளிலும் ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவார். கேமராவுக்கு அடியில் படுத்திருக்கும் நோயாளிகள், "படத்துல என்னம்மா தெரியுது?" என்று கேட்பார்கள். "நான் வெறும் போட்டோகிராபர். டாக்டர் பாத்து சொல்வாரு" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. அதே சமயம் என் அறைக்கதவைத் திறந்து, "உன் ரூமுக்குள்ள காளான் வளக்கலாம் ரூபென். ஒரு நாளாவது வெளிய வந்து மனுஷங்களைப் பாரு" என்று என்னைச் சீண்டிவிட்டுத்தான் போவார். நான் சிரிப்பேன். போக மாட்டேன்.

ஐந்தாவது வருடம் டிசம்பர் தொடக்கத்தில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடும் கர்லிங்கில் தசை பிடித்துக்கொண்டது என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வாரமாகியும் வலி குறையவில்லை. அவருடைய குடும்ப டாக்டர் எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஒரீசியா தன் துறையிலேயே நோயாளியாக வந்து உட்கார்ந்தார். இளைய டெக்னீஷியன் கெய்லா ஊசி போட்டாள். "ரெண்டு தடவை குத்திட்டா. இவளைப் பழக்கினது யாரு?" என்று ஊசி போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

மூன்று மணி நேரம் கழித்துப் படம் என் திரைக்கு வந்தது. முதுகெலும்பில் நான்கு இடம், விலாவில் மூன்று, இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. எந்த மாணவனும் படிக்கக்கூடிய படம். எங்கிருந்தோ கிளம்பிய புற்றுநோய் எலும்பெங்கும் பரவியிருந்தது.

கதவைத் தட்டாமல் அவர் உள்ளே வந்தார். நான் படத்தை மூடினேன்.

"மூடிட்டியா?" என்றார்.

 பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோட்டு போட்டிருந்தார், கையுறை மடியில்.

"கெய்லா அவ பாய்ஃப்ரெண்டைப் பத்தி வாய் ஓயாம பேசிட்டிருந்தா. கேமரா இடுப்புக்கிட்ட வந்ததும் நிறுத்திட்டா. அப்புறம் வெளிய எவ்வளவு குளிருதுன்னு சொன்னா. அதையே மறுபடியும் சொன்னா." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் அப்படித்தான் பண்ணுவேன், ரூபென். குளிரைப் பத்திதான் பேசுவேன். சொல்லு."

"அறிக்கை உங்க டாக்டருக்குப் போயிடும், ஒரீசியா."

"அவர் திங்கக்கிழமை வரைக்கும் லீவு. மெக்சிகோ போயிருக்காரு."

"திங்கக்கிழமை முதல் வேலையா பாத்துடுவாரு."

அதைச் சொன்னது என் வாய்தான். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, முகவரி கேட்கத் தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர் போலப் பார்த்தார். பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர். நடைக்கூடத்து ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்தும் இடம் தெரியும். அவர் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தார். என்ஜின் உறையாமலிருக்க மாட்டிய மின்கம்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. கண்ணாடியில் மூச்சு படிந்து படிந்து, கடைசியில் உருவமே தெரியாமல் போனது. இறங்கிப்போனால் இரண்டு நிமிட நடை. நான் போகவில்லை. உள்ளே வந்து அடுத்த படத்தைத் திறந்தேன்.

திங்கட்கிழமை அவருடைய டாக்டர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மார்பகத்தில் தொடங்கியது என்று பிறகு தெரிந்தது. புதன்கிழமை ஒரீசியா விடுப்புக் கடிதத்தோடு வந்து அலமாரியைக் காலி செய்தார். நான் போய் நின்றேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நாலு நாள், டாக்டர்" என்றார். ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட என்னை அவர் கேலிக்கு அல்லாமல் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை. "பாஸ்வேர்டு என்கிட்டயே இருந்துச்சு. வீட்டுல உக்காந்தே திறந்து பாத்திருக்கலாம். விதி கூடாதுன்னுது, நான் பாக்கலை. நீங்களும் விதிப்படிதான் நடந்தீங்க. போயிட்டு வரேன்."

சிகிச்சை தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வருவார், ஒவ்வொரு முறையும் இளைத்து. ஏப்ரலிலிருந்து நானே வெளியே போய், அவர் சட்டை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, படத்தைக் காட்டிச் சொன்னேன். தண்டனை கழிக்கிறவன் மாதிரி சொன்னேன். "நன்றி டாக்டர்" என்பார். ஜூலையில் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கும் அதே நன்றிதான். அதற்குள் எங்கள் பிரிவில் கதிர்மருந்தையே சிகிச்சையாக ஏற்றும் வேலை ஆரம்பித்திருந்தது. நோயாளியோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. அதை எனக்குக் கொடுங்கள் என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டு வாங்கினேன். அவருக்கு ஆச்சரியம். இப்போதும் கெட்ட செய்தியின் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன்.

அக்டோபரில், கொடுத்துப் பார்க்கச் சிகிச்சை எதுவும் மீதமில்லை. புற்று ஈரலுக்கும் பரவியிருந்தது.

"சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"கிறிஸ்துமஸ்?"

"கஷ்டம், ஒரீசியா."

தலையை ஆட்டினார். "நல்லாத்தான் சொல்றே இப்ப" என்றார். பாராட்டா குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டிசம்பர் முதல் வாரத்தில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. அவருடைய கணவர் வாசில், முன்பு தானிய லாரி ஓட்டியவர், என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரீசியா பிரியமாகப் பேசிய டாக்டர் என்று மட்டும்தான் என்னை அவருக்குத் தெரியும்.

"ஸ்கேன் எடுத்துட்டு முடிவுக்குக் காத்திருந்தாளே, அந்த நாலு நாளு, என்ன பண்ணா தெரியுமா? பெரோகி பிடிச்சா" என்றார். "மாவு பிசைஞ்சு, உருளைக்கிழங்கு வச்சு, மடிச்சு மடிச்சு, முப்பது டஜன். எதுக்குடி இவ்வளவுன்னேன். குளிர்காலம் நீளம்னா. ஃப்ரீசர்ல என் மான் கறிக்கு இடமில்லைன்னு நான் அவளைத் திட்டினேன். திட்டினேன், சார். அவ மடிச்சிட்டே இருந்தா." காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "மெக்சிகோ போன அந்த டாக்டர் ஊர்ல இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் திட்டியிருக்க மாட்டேன்."

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"படத்தை நான்தான் பாத்தேன். எல்லாம் தெளிவா இருந்துச்சு."

"அவ கேட்டாளா?"

"கேட்டாங்க."

 வாசில் எழுந்து, கோப்பை நிறையக் காப்பி இருக்கும்போதே, கூடத்தின் மறுகோடியில் காப்பிக்கு நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போன மாதம் அவரைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தலையை ஒருமுறை அசைத்தார். நானும் அசைத்தேன். டாங்க் நிறைகிறவரை இரண்டு பேரும் அவரவர் வண்டிப் பக்கத்தில் நின்றோம்.